சேலத்தில் பழைய வீடு வாங்கப் போறீங்களா? மண், கட்டடம், காகிதம்னு மூணா பிரிச்சுப் பாருங்க



சேலத்தில் வேலை, மாசம் 40,000, 50,000 சம்பளம், வாடகை வீடு. இந்த நிலையில் இருக்கிறவங்க சொந்த வீடு பத்தி யோசிச்சா ரெண்டு வழிதான் தெரியும். ஒண்ணு, பைபாஸ் தாண்டி ஒரு மனை வாங்கி, கடன் போட்டுப் புதுசா கட்டுறது. இன்னொண்ணு, ஊருக்குள்ளேயே அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை, தாதகாப்பட்டி மாதிரி பழைய பகுதிகளில் 30, 40 வருஷமான ஒரு வீட்டை வாங்குறது.

ரெண்டாவது வழி மோசமானது இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம், டவுன் ரயில்வே ஸ்டேஷன் பக்கம், கடைவீதி, ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் கைக்கெட்டும் தூரம். தினமும் பெட்ரோல் மிச்சம். குடிவந்த அன்னைக்கே தெருவில் பத்துப் பேர் பழக்கமாயிடுவாங்க. ஆனா பழைய வீட்டைப் பார்க்கப் போகும்போது நம்ம எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: "மொத்தம் எவ்வளவு?" புரோக்கர் "32 லட்சம், பேசிக்கலாம்" என்பார். நாமும் மனசுக்குள்ள ஒரு ஈஎம்ஐ கணக்குப் போட்டுட்டு "முடியும் போலிருக்கே"னு வீட்டுக்கு வந்துடுவோம்.

இந்த இடத்தில்தான் பணம் கோட்டை விடுது. பழைய வீடு என்பது ஒரு பொருள் இல்லை, மூணு பொருள். மண், கட்டடம், காகிதம். மண்ணோட மதிப்பு பொதுவா வருஷா வருஷம் ஏறும். கட்டடத்தோட மதிப்பு வருஷா வருஷம் இறங்கும். காகிதம் சரியில்லைன்னா மத்த ரெண்டுக்கும் மதிப்பே கிடையாது. மூணையும் தனித்தனியா விலை போட்டுப் பார்த்த பிறகுதான் "32 லட்சம்" சீப்பா, காஸ்ட்லியான்னு தெரியும்.

1. மண்: இதுதான் நீங்க உண்மையில் வாங்குற சொத்து

முதல்ல பத்திரத்தில் இருக்கிற அளவும், நேர்ல டேப் வச்சு அளந்த அளவும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. பழைய பகுதிகளில் இது அடிக்கடி இடிக்கும். பக்கத்து வீட்டுப் படிக்கட்டு உங்க எல்லைக்குள்ள இருக்கும், இல்லைன்னா உங்க ஜன்னல் சன்ஷேடு அவங்க பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். பொதுச்சுவரா, தனிச்சுவரா என்பது பத்திரத்தில் எழுதியிருக்கான்னும் பாருங்க. பொதுச்சுவர்னா நாளைக்கு இடிக்கவோ, மேல கட்டவோ பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேணும்.

அடுத்து விலை. அந்தத் தெருவோட வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாப் பார்க்கலாம். அது அரசு போட்ட மதிப்பு, சந்தை விலை இல்லை. சந்தை விலை தெரியணும்னா அதே தெருவில், இல்லை பக்கத்துத் தெருவில், கடந்த ஒரு வருஷத்தில் என்ன விலைக்கு விற்றதுன்னு மூணு பேர்கிட்டயாவது விசாரிங்க. புரோக்கர் ஒருத்தர், மளிகைக் கடைக்காரர் ஒருத்தர், சமீபத்தில் வித்தவர் ஒருத்தர். விற்கிறவர் சொல்ற விலை கணக்கில் வராது. விற்று முடிஞ்ச விலைதான் கணக்கு.

மூணாவது, தெருவோட அகலம். இன்னும் 15 வருஷம் கழிச்சு இந்த வீட்டை இடிச்சுக் கட்டுற நாள் வரும். அப்போ பழைய வீடு நின்ன அளவுக்கே புதுசு கட்ட முடியும்னு நினைக்காதீங்க. இன்றைய கட்டட விதிகள்படி முன்னாடியும் பக்கவாட்டிலும் இடம் விடணும். 800 சதுர அடி மனையில் அது பெரிய இழப்பு. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்குது. ஆனா அனுமதி சுலபமாச்சு என்பதால விதி மாறலை. வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு லைசென்ஸ் பெற்ற இன்ஜினியரைக் கூப்பிட்டு, "இதை இடிச்சா எவ்வளவு கட்டலாம்?"னு ஒரு கேள்வி கேட்டுடுங்க.

நாலாவது, தண்ணீர். உள்ளே வரும் தண்ணீரும், உள்ளே வரக்கூடாத தண்ணீரும். சேர்வராயன் மலையில் இருந்து வரும் திருமணிமுத்தாறு சேலம் ஊருக்கு நடுவேதான் ஓடுது. ஆற்றையும் ஓடைகளையும் ஒட்டின தாழ்வான தெருக்களில் பெருமழை அன்னைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வருமான்னு எதிர்வீட்டுப் பாட்டிகிட்ட கேளுங்க. சுவரில் ஒரு அடி உயரத்தில் நேர்கோடா கறை இருந்தா பாட்டிகிட்டகூட கேட்க வேண்டியதில்லை. குடிதண்ணீர் மேட்டூரில் இருந்து மாநகராட்சி குழாயில் வருது. எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணி நேரம்னு கேளுங்க. போர் இருந்தா மே மாசம் தண்ணி வருமான்னு கேளுங்க. நம்ம ஊர் பாறைப் பூமி. பக்கத்து வீட்டில் தண்ணி இருக்கு என்பதால உங்க போரிலும் இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது.

2. கட்டடம்: வயசுக்குத் தகுந்த விலை

கட்டட மதிப்பை வங்கி மதிப்பீட்டாளர்கள் பொதுவா எப்படிப் போடுவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா பேரம் பேச உங்களுக்கு ஒரு ஆயுதம் கிடைச்ச மாதிரி. இன்னைக்கு அதே வீட்டைப் புதுசா கட்ட என்ன செலவாகும்னு முதல்ல பார்ப்பாங்க. அதில் வயசுக்கேத்த தேய்மானத்தைக் கழிப்பாங்க. கடைசியில் 10% மிச்ச மதிப்பு இருக்கும்னு வச்சு, மீதி 90 சதவீதத்தை ஆயுள் முழுக்கப் பரப்புவாங்க.

ஒரு உதாரணம் போடுவோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வச்சது, உங்க தெரு எண்ணை நீங்க போட்டுக்கோங்க. 800 சதுர அடி மனை. அதில் 650 சதுர அடி தார்சு வீடு, கட்டி 40 வருஷம். ஆயுள் 60 வருஷம்னு வைப்போம்.

மண்: 800 சதுர அடி, சதுர அடி 2,500 ரூபாய். மொத்தம் 20 லட்சம்.
புதுசா கட்ட: 650 சதுர அடி, சதுர அடி 2,000 ரூபாய். மொத்தம் 13 லட்சம்.
தேய்மானம்: 90 சதவீதத்தில் 40/60 பங்கு, அதாவது 60%.
கட்டடத்தின் இன்றைய மதிப்பு: 5.2 லட்சம்.
மண்ணும் கட்டடமும் சேர்த்து: 25.2 லட்சம்.

விற்கிறவர் கேட்பது 32 லட்சம். இடையில் இருக்கிற 6.8 லட்சம் எதுக்குன்னு அவர்தான் சொல்லணும். "கிரானைட் போட்டிருக்கோம், பெயின்ட் அடிச்சிருக்கோம்" என்பது பதில் ஆகாது. விற்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அடிச்ச பெயின்ட், பல சமயம் விரிசலை மறைக்க அடிச்சதாத்தான் இருக்கும்.

நேர்ல என்ன பார்க்கணும்?

மேல் தளத்தின் அடிப்பக்கம். சிமெண்ட் பெயர்ந்து, துருப்பிடிச்ச கம்பி தெரியுதா? கம்பு ஒண்ணால தட்டிப் பாருங்க. டொக்குடொக்குனு வெத்துச் சத்தம் வந்தா உள்ளே சிமெண்ட் கம்பியை விட்டுப் பிரிஞ்சிருக்கு. பூச்சு வேலையில் முடியற விஷயம் இல்லை, பெரிய செலவு.

சுவரின் கீழ்ப்பகுதி. தரையில் இருந்து ரெண்டு மூணு அடிக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிஞ்சு உதிருதா? பீரோவை நகர்த்திப் பின்னாடி பாருங்க. கூச்சப்படாதீங்க, பல லட்சம் கொடுக்கப் போறது நீங்க.

விரிசல். முடி அளவு விரிசல் பூச்சில் வரும், பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வா போற, விரல் நுனி நுழையற விரிசல்னா அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். இன்ஜினியர் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஓட்டு வீடு, இல்லை மரக்கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுன்னா கட்டைகள் சுவரில் செருகியிருக்கும் நுனியைப் பாருங்க. கறையானும் ஈரமும் முதலில் அங்கதான் வேலையைக் காட்டும்.

வயரிங். பழைய வயர், எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் எல்லாம் இருந்தா முழுசா மாத்தற செலவைக் கணக்கில் சேர்த்துக்கோங்க. 40 வருஷம் முன்னாடி அந்த வீட்டில் ஏசியும் இன்டக்‌ஷன் அடுப்பும் ஓடும்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க.

கழிவுநீர். தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கு என்பது வேற, உங்க வீட்டுக்கு இணைப்பு இருக்கு என்பது வேற. செப்டிக் டேங்க்னா அது எங்க இருக்கு, லாரி வந்து எடுக்க வழி இருக்கான்னு பாருங்க.

இதோட, நம்ம ஊருக்கே உரிய ஒரு செக். அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை எல்லாம் நெசவு ஊர். பல வீடுகளில் குழித்தறி இருந்திருக்கும். தறி போன பிறகு குழியை மண் போட்டு மூடி மேல டைல்ஸ் ஒட்டியிருப்பாங்க. சரியா கெட்டிக்காத மண் இறங்கும்போது தரையும் இறங்கும். கூடத்தில் நடந்து பாருங்க, பள்ளம் தட்டுதான்னு. விசைத்தறி ஓடின வீடுன்னா அதிர்வில் சுவர் மூட்டுகள் விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டில் இன்னும் தறி ஓடுதான்னு தெரிய, ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவை போய் அந்தத் தெருவில் நில்லுங்க. செவ்வாய்பேட்டை பக்கம்னா தறிக்குப் பதிலா வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சத்தம், புகை ரெண்டையும் பாருங்க. அவங்க தொழிலைக் குறை சொல்லலை. அவங்க அங்க முதலில் இருந்தவங்க, நீங்கதான் புதுசா போறீங்க. பிறகு சண்டை போடுறதைவிட முன்னாடியே தெரிஞ்சு முடிவெடுக்கிறது நல்லது. மின் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்குன்னும் பாருங்க. விசைத்தறிக்கும் வீட்டுக்கும் பிரிவு வேற.

3. காகிதம்: அத்தை கையெழுத்து எங்கே?

பழைய பகுதியில் வீடு சீப்பா வருவதற்குப் பெரிய காரணம் பல நேரம் கட்டடம் இல்லை, குடும்பம். தாத்தா 1978இல் வாங்கினார். உயில் எழுதாம 2001இல் காலமானார். பாட்டியும் இப்போ இல்லை. மூணு மகன்கள் இப்போ சேர்ந்து விற்கிறாங்க. கேட்டா, "தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் கல்யாணத்தில் சீர் செஞ்சு அனுப்பியாச்சுங்க, அவங்களுக்குப் பங்கு இல்லை" என்பாங்க.

சட்டம் அப்படிச் சொல்லலை. இந்துக் குடும்பத்தில் தந்தை தானே சம்பாதிச்சு வாங்கின சொத்தில், உயில் இல்லாம அவர் இறந்தா, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு உண்டு. பூர்விகச் சொத்துன்னா, 2005இல் வந்த திருத்தம் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை கொடுத்தது. 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. சீர் செஞ்சதால பங்கு போகாது. வாய்வார்த்தையில் "எனக்கு வேண்டாம்"னு சொன்னதாலயும் போகாது. அத்தைங்க ரெண்டு பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடணும், இல்லைன்னா பதிவு செஞ்ச விடுதலைப் பத்திரம் இருக்கணும். இது இல்லாம வாங்கினா, பத்து வருஷம் கழிச்சு அவங்க பாகப்பிரிவினை வழக்குப் போடும்போது கோர்ட்டுக்கு அலையப் போறது நீங்க. வாரிசுகளில் மைனர் இருந்தா, அவங்க பங்கை விற்க கோர்ட் அனுமதியும் வேணும்.

அதனால கேட்க வேண்டிய காகிதங்கள் இவை. தாய்ப் பத்திரத்தில் இருந்து இன்றைய உரிமையாளர் வரைக்கும் இடையில் அறுபடாத பத்திரங்கள், அதுவும் ஒரிஜினல். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். குறைஞ்சது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று. நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் அல்லது பட்டா. வீட்டுவரி, தண்ணீர் வரி, மின்கட்டண ரசீதுகள், எந்தப் பெயரில் இருக்குன்னு பார்த்து. அந்த இடம் கோயில் நிலமோ, வக்ஃப் நிலமோ, புறம்போக்கோ இல்லைன்னு வக்கீல் எழுத்தில் கொடுக்கும் கருத்து.

இதில் ஒரு ஓட்டை இருக்கு. வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் தெரியும். நம்ம பக்கம் போக்கியத்துக்கு வீடு விடுற பழக்கம் அதிகம். மொத்தமா சில லட்சம் வாங்கிக்கிட்டு வாடகை இல்லாம குடிவைப்பாங்க. அது வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினதா இருந்தா வில்லங்கச் சான்றில் வராது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர் பணம் வராம வீட்டைக் காலி பண்ணமாட்டார், அது நியாயமும்கூட. அதேபோல, ஒரிஜினல் பத்திரத்தை யார்கிட்டயாவது கைமாத்துக்கு வச்சிருந்தாலும் தெரியாது. அதனால ரெண்டு வேலை: ஒரிஜினலைக் கண்ணால பாருங்க, வீட்டில் குடியிருக்கிறவர்கிட்ட நேரா பேசுங்க. "நீங்க வாடகையா, போக்கியமா?" என்ற ஒரு கேள்வி பல லட்சத்தைக் காப்பாத்தும்.

4. இப்போ நிஜக் கணக்கு: கையில் எவ்வளவு வேணும்?

"வங்கி 90% கொடுக்கும், 10% நாம போட்டா போதும்"னு ஒரு நம்பிக்கை இருக்கு. 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி வச்சிருக்கும் உச்சவரம்புதான் 90%. அவ்வளவு கொடுத்தே ஆகணும்னு இல்லை. அதுவும் நீங்க பேசின விலையில் இல்லை, வங்கியோட மதிப்பீட்டில். ரெண்டில் எது குறைவோ அதுதான் வங்கிக்குக் கணக்கு.

நம்ம உதாரணத்தில் மதிப்பீடு 25.2 லட்சம், வங்கி 80% கொடுக்குதுன்னு வைங்க. கடன் 20.16 லட்சம். நீங்க 32 லட்சத்துக்கு ஒத்துக்கிட்டா:

விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம்: 11.84 லட்சம்.
முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, சேர்த்து 9%: 2.88 லட்சம்.
ரிப்பேர், வயரிங், பிளம்பிங்: 3.5 லட்சம்.
புரோக்கர் 1%, வக்கீல், வங்கிச் செலவு: 62,000.
மொத்தம் கையில் வேண்டியது: 18.84 லட்சம்.

10% சொல்லி 3.2 லட்சம் வச்சுக்கிட்டுப் போனவருக்கு 18.84 லட்சம் வேணும். மீதி எங்கிருந்து வரும்? அப்பாவோட ரிட்டையர்மென்ட் பணம், அம்மாவோட நகை, ஒரு பர்சனல் லோன். பழைய வீடு குடும்பத்தைச் சாய்க்கிறது இப்படித்தான். ஈஎம்ஐயில் இல்லை, ஈஎம்ஐக்கு வெளியே இருக்கிற இந்தத் தொகையில்.

அதே வீட்டை 27 லட்சத்துக்குப் பேசி முடிச்சா கையில் வேண்டியது 13.34 லட்சம். பேரத்தில் குறைச்ச 5 லட்சம், உங்க பையில் 5.5 லட்சமா மிச்சமாகுது. ஏன்னா பழைய வீட்டில் மதிப்பீட்டுக்கு மேல கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் முழுக்க முழுக்க உங்க சொந்தப் பணம்.

ஈஎம்ஐயையும் பார்த்துடுவோம். 20.16 லட்சத்துக்கு 8.5% வட்டியில் 20 வருஷம்னா மாசம் சுமார் 17,500. ஆனா கட்டடத்தோட மிச்ச ஆயுளைப் பார்த்து வங்கி 15 வருஷம்தான் தருதுன்னா சுமார் 19,850. கையில் 45,000 வாங்குறவருக்கு அது சம்பளத்தில் 44%. 35 சதவீதத்தைத் தாண்டாம இருக்கிறது நல்லது. தனிச் சம்பளம்னா இந்த வீடு கனம். ரெண்டு பேர் சம்பாதிக்கிற வீடுன்னா ஓகே. வரிச் சலுகையை நம்பியும் கணக்குப் போடாதீங்க. புதிய வரி முறையில் இருந்தா, நீங்களே குடியிருக்கிற வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

வீடு ரொம்பச் சின்னது, மதிப்பு 10 லட்சத்துக்குள்ளன்னா வீட்டில் இருக்கிற பெண் பெயரில் வாங்குங்க. 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு.

5. பேரமும் அட்வான்ஸும்

இன்ஜினியர் சொன்ன ரிப்பேர் செலவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. "விலையைக் குறைங்கண்ணா"னு கேட்கிறதுக்கும், "அண்ணா, மேல் தளத்துக்கு இவ்வளவு, வயரிங்குக்கு இவ்வளவு ஆகுது, மண் விலை இவ்வளவு போகுது"னு கேட்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை.

"பத்திரத்தில் குறைச்சுப் போட்டுக்கலாம், மீதி கேஷா கொடுங்க" என்றால் வேண்டாம். கடன் தொகை குறையும். கொடுத்த கேஷுக்கு ஆதாரம் இருக்காது. வீடு, நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கு. நாளைக்கு நீங்க விற்கும்போது, வாங்கின விலை குறைவா இருப்பதால் லாபம் அதிகமாத் தெரிஞ்சு வரியும் கூடும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்க. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இது கட்டாயம். அதில் ரெண்டு வரி மறக்காதீங்க: உரிமையில் சிக்கல் இருந்தா அட்வான்ஸ் முழுசா திரும்ப வரணும், வங்கிக் கடன் கிடைக்கலைன்னாலும் திரும்ப வரணும்.

எப்போ எழுந்து வந்துடணும்?

ஒரு வாரிசு கையெழுத்துப் போட மறுத்தா. ஒரிஜினல் பத்திரத்தைக் காட்டத் தயங்கினா. இன்ஜினியரைக் கூட்டிட்டு வரேன்னதும் "அதெல்லாம் எதுக்குங்க"னு கேட்டா. எல்லாச் செலவும் போக, உங்க கையில் ஆறு மாசச் செலவுக்குப் பணம் மிச்சம் இருக்காதுன்னா. இந்த நாலில் ஒண்ணு இருந்தாலும் வீடு எவ்வளவு பிடிச்சிருந்தாலும் வேண்டாம். காகிதச் சிக்கல் எந்தத் தள்ளுபடியிலும் சரியாகாது. கட்டடச் சிக்கல் மட்டும்தான் விலையைக் குறைச்சா சரியாகும்.

இதே கணக்கு நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பழைய தெருக்களுக்கும் பொருந்தும். சதுர அடி விலையை மட்டும் மாத்திக்கோங்க.

இந்த வாரக் கடைசியில் வீடு பார்க்கப் போறீங்கன்னா, போனில் மூணு தலைப்புப் போட்டுக்கோங்க: மண், கட்டடம், காகிதம். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு எண், ஒரு சந்தேகம் எழுதுங்க. மூணும் நிரம்புற வரைக்கும் டோக்கன் அட்வான்ஸ்னு ஆயிரம் ரூபாய்கூட எடுத்துக் கொடுக்காதீங்க. "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க"னு புரோக்கர் சொல்வார். இருக்கட்டும். அம்மாபேட்டையில் பழைய வீட்டுக்குப் பஞ்சமே இல்லை.